கான்கிரீட் போடுவதற்கு முன்னால்

பொறியாளர்கள் எழுதிவைக்கும் பதிவுகளைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். வரைபடம், சோதனை அறிக்கை, கடிதம் என்று இதில் எத்தனையோ உண்டு. நான் எம்.புக் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அரசுக் கட்டுமானத்தில் இருந்தவர்களுக்குப் பெயரைச் சொன்னாலே போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முடிந்த வேலையை அளந்து எழுதும் புத்தகம் அது. அதில் அளவு ஏறினால்தான் ஒப்பந்ததாரருக்குப் பில்.

அதன் பக்கங்களில் எண் அச்சிட்டே வரும். தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். சைட்டில் நின்றபடியே மையால் எழுத வேண்டும். துண்டுச்சீட்டில் குறித்துவந்து ஆபீசில் உட்கார்ந்து அழகாகப் பெயர்த்தெழுதுவது கூடாது. எண் தப்பாகிவிட்டால்? ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், இதைக் கவனியுங்கள். என்ன மாறியது, யார் மாற்றினார், என்றைக்கு மாற்றினார் என்பது தெரிந்தால் திருத்தத்தைப் பற்றி யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒயிட்னர் பூசிய இடத்தில்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் விரலை வைப்பார்.

பொறியாளராக நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பாலம் கட்டினோம். மண் தோண்ட ஒரு ரேட். பாறை உடைக்க அதைவிட மிக அதிக ரேட். வேலை முடிந்து பல வருஷம் கழித்து, எம்.புக்கில் எழுதியதைவிடக் கூடுதலாகப் பாறை உடைத்ததாகச் சொல்லி ஒப்பந்ததாரர் நடுவரிடம் போனார். அஸ்திவாரமோ கான்கிரீட்டுக்குள், அதன்மேல் தூண், தூணைச் சுற்றி ஆறு. திரும்பத் தோண்டிப் பார்க்க வழியே இல்லை.

குறுக்கு விசாரணையில், இத்தனை வருஷத்துக்கு முந்தைய ஆழம் உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். எம்.புக்கைப் பார்த்துச் சொல்ல அனுமதி கேட்டேன். சம்பவத்தை ஒட்டி எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளச் சாட்சிக்குச் சட்டம் இடம் தருகிறது. வேலைக்குப் புதிதாக வந்திருந்த உதவிப் பொறியாளர், ஒரு பெண், நான்கு மூலையிலும் தரைமட்டம், பாறை தட்டிய மட்டம், தோண்டி முடித்த மட்டம் மூன்றையும் எழுதியிருந்தார். எந்த பெஞ்ச்மார்க்கிலிருந்து லெவல் எடுத்தார் என்பதும் அதில் இருந்தது. கீழே, அளவுகளை ஏற்பதாக ஒப்பந்ததாரரின் கையெழுத்து. அதற்கும் கீழே, அளவுகளைச் சரிபார்த்து செக் மெஷர்மென்ட் செய்த என் கையெழுத்து. அந்தக் கோரிக்கையின் மேல் வாதம் அதற்குப் பிறகு நீளவில்லை. அந்தப் பக்கத்தை எழுதிய பெண்ணை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அரசு ஊழியர் தம் கடமையின்போது அரசுப் பதிவேட்டில் எழுதியதற்கு 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே தனி இடம் கொடுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் அது தொடர்கிறது.

அடுத்தது தடைப் பதிவேடு. சைட்டில் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் என்போம். நிலம் கைக்கு வரவில்லை, மின்கம்பம் மாற்றவில்லை, வெள்ளம் வந்தது என்றால், தடை தொடங்கிய தேதியும் நீங்கிய தேதியும் அதில் ஏற வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். தாமதத்துக்கு ஒப்பந்ததாரரிடம் பணம் பிடிக்கலாமா, அவருக்குக் கால நீட்டிப்பு தர வேண்டுமா என்ற சண்டையில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். வேலை முடிந்த பிறகு ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்பிய பதிவேட்டைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது எல்லோரும் செல்போனில் படம் எடுத்துவிடுகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரிண்ட் எடுத்து நீட்டினால் போதாது. மின்னணுப் பதிவுக்கு, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் இருக்க வேண்டும். அதனால் படம் எடுத்த மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள், போனை மாற்றும்போதும்.

நேரம் முடியப்போகிறது. சோதனை அறிக்கைகளைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். நாளைக் காலை எங்கேயோ ஒரு ஸ்லாபில் கம்பி கட்டி முடித்திருப்பார்கள். கான்கிரீட் லாரி வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே நிற்கிற இளம் பொறியாளர் கம்பியின் விட்டம், இடைவெளி, கவர் பிளாக்கின் கனம் எல்லாம் எழுதி முடித்த பிறகே ஊற்றச் சொல்வார் என்று நம்புகிறேன்.