நாரின் பலம் எங்கே இருக்கிறது?

கடற்கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி இழையைப் பிசினில் நனைத்து, அடுக்கடுக்காக இறுகவிட்டுச் செய்தவை அவை. கண்ணாடிக்குப் பதில் செடியின் நாரைப் போட்டால் தாங்குமா? இழுவலிமையை மட்டும் பார்த்தால் நாருக்குத் தோல்விதான். கண்ணாடி இழை 2,000 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். சணல் பெரும்பாலும் 400 முதல் 800 வரை. தென்னை நார் 200-ஐ ஒட்டியே நின்றுவிடும். ஆனால் கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு, ஆளிச்செடி நாருக்கோ ஒன்றரை மடங்குதான். எடைக்கு எடை வைத்தால், வளையாமல் விறைப்பாக நிற்பதில் ஆளி நார் கண்ணாடிக்குச் சளைத்ததல்ல. ஜெர்மன் கார்களின் கதவு உள்பலகைகளில் 1990-களிலேயே ஆளி, சைசல் நார்கள் இடம்பிடித்ததற்கு இந்த எடைக் கணக்கும் ஒரு காரணம்.

ஆனாலும் நாரின் பலம் அப்படியே பலகையின் பலமாகிவிடாது. சுமை முதலில் பிசினில் இறங்கி, அங்கிருந்து நாருக்குப் போகிறது. இரண்டும் ஒட்டாத இடத்தில் எவ்வளவு வலுவான நாரும் வீண்; சில சமயம் நார் சேர்த்த பலகை வெறும் பிசினைவிடச் சீக்கிரம் முறிவதுண்டு. செடி நாருக்குத் தண்ணீர்மேல் ஆசை, பிசினுக்கு அது ஆகாது. போதாததற்கு நாரின்மேல் மெழுகுப் பூச்சு வேறு. சோதனைப் பட்டையை இழுத்து முறித்து, முறிந்த முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். நார்கள் முழுசாக உருவிக்கொண்டு வந்து, வழவழப்பான துளைகள் மட்டும் மிஞ்சியிருந்தால் பிடிப்பே இல்லை என்று அர்த்தம். நார் பிசினோடு சேர்ந்தே அறுந்து, அதன்மேல் பிசின் துணுக்குகள் ஒட்டியிருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. பிடிப்பைக் கூட்ட, நாரை நீர்த்த காஸ்டிக் சோடாவில் சில மணி நேரம் ஊறவைத்து, அலசி உலர்த்தினால் மெழுகு போய், மேற்பரப்பு சொரசொரப்பாகும். கரைசல் கடுமையானாலோ, அதிக நேரம் ஊறினாலோ நாரே நைந்துவிடும். நல்ல நாரை வாங்கிவிட்டு இந்த வேலையில் கஞ்சத்தனம் பார்ப்பதில் பயனில்லை.

ஈரம் பட்டால் நார் உப்புமே என்பார்கள். உண்மைதான், உப்பி உப்பிச் சுருங்கும்போது பிடிப்பு விட்டுப்போகும். வெட்டிய ஓரங்களைப் பிசினால் அடைத்தாலும் ஓரளவுதான் காப்பாற்றலாம். அதனால் படகின் அடிப்பாகத்துக்கு நார்ப் பலகையை நானே சிபாரிசு செய்யமாட்டேன். ஒரே செடியின் அடித்தண்டு நாரும் நுனி நாரும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது இன்னொரு குறை. இதற்கு வழி உண்டு: சராசரியை நம்பாமல், சோதனையில் கிடைத்த குறைந்த மதிப்புகளை வைத்து வடிவமைக்க வேண்டும், பலகை கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். தென்னை நாரையும் வலிமை குறைவென்று தள்ளிவிட வேண்டாம். அதன் செல்லுலோஸ் நுண்ணிழைகள் ஸ்பிரிங்போல் சாய்வாகச் சுற்றியிருப்பதால், அறுவதற்கு முன் தன் நீளத்தில் 15 சதவீதத்துக்கு மேலும் நீளும். கண்ணாடி இழை ஐந்து சதவீதம்கூடத் தாண்டாது. பளு தாங்கும் உத்தரத்துக்குத் தென்னை நார் ஆகாது. இடி வாங்கும் இடத்தில் அதைச் சோதித்துப் பார்க்கலாம்.