கொல்லையும் கூலியும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சங்க மேடையில் கீரைப் பாத்தியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. அடைமழையில் மரம் வெட்ட முடிவதில்லை. செக்ரோலில் நம் பெயருக்கு நேரே நாள் குறைகிற மாதங்களில்தான் கடைக்காரர் புத்தகத்தில் கடன் ஏறுகிறது. அந்த மாதங்களில் ஒரு பிடி கீரையும் நாலு வெண்டைக்காயும் நமக்குப் பெரிய துணை. ஆகவே இது வயிற்றுப் பிரச்சினை. வயிற்றுப் பிரச்சினை எல்லாம் சங்கப் பிரச்சினையே.

நம் முன்னோர் லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டியது பொழுதுபோக்குக்காக அன்று. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து, ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். எஞ்சியவர்களுக்குக் கைகொடுத்தது கொல்லை. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. 1948இல் அவசரகாலம் வந்தது. பின்னர் பல தோட்டங்களில் லயங்களை முள்வேலிக்குள் அடைத்தபோது, வேலிக்கு வெளியே இருந்த பயிர் கைவிட்டுப் போயிற்று. கொல்லையின் ஏற்றமும் இறக்கமும் நம் வாழ்வின் ஏற்ற இறக்கமே அன்றோ?

இனி, நம் கையில் உள்ளதைப் பார்ப்போம். நமது மேட்டு மண் புளிப்பு மண். விதைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்புத் தூள் தூவிக் கொத்திவிட வேண்டும். விறகுச் சாம்பலும் அளவோடு உதவும். மக்கிய ஆட்டெருவும் இலைக்குப்பையும் சேர்த்தால் மண் இளகும். மழை மிகுந்த நாட்டில் பாத்தியை ஒரு முழம் உயர்த்திக் கட்டாவிட்டால் வேர் அழுகும். பாகலிலும் பீர்க்கிலும் பிஞ்சு விட்டவுடன் காகிதப் பையால் மூடினால் பழ ஈ அண்டாது.

நம்மை அதிகம் வருத்துவது வாடல் நோய். கத்தரி, மிளகாய், தக்காளி பச்சையாக நிற்கும்போதே தலை தொங்கிவிடும். கண்ணேறு என்று பூசணிக்காய் சுற்றுவாரும் உண்டு. உண்மையில் அது மண்ணில் வாழும் கிருமி. வாடிய செடியின் தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கும். அந்தப் பால் நமக்குக் கூலி தராத பால்! இதற்கு மருந்து தெளித்துப் பயனில்லை. செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் சோளமோ, பயறோ, கீரையோ மாற்றி வைக்க வேண்டும். சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டினால் நோயைத் தாங்கி நிற்கும். ரப்பர்க் கன்றை ஒட்டுக்கட்டிய கைகளுக்கு இது பெரிய வித்தையா?

ஆனால், தோழர்களே, நம் கையில் இல்லாத இறக்கமும் உண்டு. புல்மருந்து தெளிக்கும்போது காற்று லயத்துப் பக்கம் அடித்தால் கீரை கருகுகிறது. குழந்தைகளின் மூச்சிலும் ஏறுகிறது. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. மற்ற மருந்துகள் இருக்கின்றன. காலி மருந்துத் தோம்பைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதை இன்றே விட்டுவிடுங்கள்.

அதைவிடப் பெரியது நிலத்தைப் பற்றிய பயம். குடும்பத் தொழிலாளி ஒருவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 2,700 சதுர அடி நிலம் ஒதுக்க வேண்டும் என்பது வெள்ளையர் ஆட்சிக் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. அது துரை போட்ட பிச்சை அன்று. இருந்தும், தோட்டம் கைமாறினால், மறுநடவு வந்தால், காய்த்து நிற்கும் கொல்லை ஒரே நாளில் மண்வாரி இயந்திரத்தின் கீழ் போகிறது.

எனவே நாம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. கொல்லை நிலத்தை அளந்து, எழுத்தில் கொடுக்க வேண்டும்; நம்மோடு உழைக்கும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் அதில் பங்கு வேண்டும். மருந்து தெளிக்கும் நாளை முன்னதாக அறிவிக்க வேண்டும். நிலத்தை எடுப்பதாயின், நிற்கும் பயிரை அறுக்கத் தவணையோ, அதற்கு ஈடோ தர வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. ‘இவர்களுக்குத்தான் கொல்லை இருக்கிறதே, கூலி எதற்கு உயர வேண்டும்?’ என்று பேச்சுவார்த்தையில் எவரேனும் சொன்னால் ஏமாந்துவிடலாகாது. விடியலில் பெரட்டுக்குப் போய், பால் நிறுத்துக் கொடுத்து, மாலையில் குடம் தூக்கி நீர் ஊற்றுகிறார்களே நம் தாய்மார்கள், அந்த வேலைக்குச் செக்ரோலில் வரி கிடையாது. கொல்லை அவர்களுடைய கூடுதல் உழைப்பு. அதன் பலன் நம் பிள்ளைகளின் தட்டில் விழ வேண்டுமே தவிர, கூலிக் கணக்கில் கழிவாக விழக்கூடாது.

கொல்லையையும் காப்போம், கூலியையும் கேட்போம்.