தோட்டாவும் வரம்பும்

 

மான் வேட்டைக்கு எத்தகைய தோட்டா பொருத்தமானது என வாலிபர் சிலர் வினவுகின்றனர். அதீ இப்னு ஹாதிம் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த அளவுகோல் தெளிவானது: ஆயுதம் துளைத்துக் கொன்றால் ஆகும், மோதிக் கொன்றால் ஆகாது. இக்காலத் தோட்டா துளைப்பதால், பிஸ்மில்லாஹ் கூறிச் சுட்டதை உலமாக்கள் பலர் அனுமதித்தனர். உயிருடன் கிடைத்தால் அறுத்தல் வேண்டும். ஈயத் தோட்டாவோ சிதறி இறைச்சியில் நுண்துகளாய்த் தங்கும். ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு. செப்புத் தோட்டா அவ்வளவு சிதறுவதில்லை.

ஆயினும், 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் மானைக் காக்கிறது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. உண்ண ஆகுமான பிராணி என்பது சட்டத்தை மீற அனுமதியாகாது. பெற்றோர்களே, வீட்டுக்கு வரும் இறைச்சி எங்கிருந்து வந்ததெனக் கேளுங்கள்.