கைகாட்டிப் பக்கங்கள்

வீடு மாறிச் செல்பவர் அஞ்சல் நிலையத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது உண்டு. தமக்கு வரும் கடிதங்களை இனிப் புதிய முகவரிக்கு அனுப்புமாறு அதில் கேட்டுக்கொள்வார். அதன்பின் பழைய முகவரிக்குக் கடிதம் வந்தால், அஞ்சல் நிலையத்தார் அம்முகவரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதி அனுப்புவர். கடிதம் எழுதியவர் இதை ஒன்றும் அறியார். இணையத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அதனை வழிமாற்றம் என்பர். 'ரீடைரெக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லால் வழங்குவதே மிகுதி. தரகு தரும் இணைப்புகளுக்கு இந்த வழிமாற்றப் பக்கங்களை எவ்வாறு அமைப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் படித்த நூல்களைப் பற்றி இணையத்தில் எழுதி வருகிறீர்கள். ஒரு நூலைப் பாராட்டி எழுதி, அது கிடைக்கும் கடைக்கு ஓர் இணைப்பும் தருகிறீர்கள். அந்த இணைப்பின் வழியே சென்றவர் நூலை வாங்கினால், கடைக்காரர் விலையில் ஒரு சிறு பங்கை உங்களுக்குக் கொடுப்பார். இதற்கு 'அஃபிலியேட்' முறை என்று பெயர். 1994-ஆம் ஆண்டில் சிடிநவ் என்னும் இசைத்தட்டுக் கடை அமெரிக்காவில் இம்முறையைக் கையாண்டது. 1996-இல் அமேசான் நிறுவனம் தன் புத்தகக் கடைக்காக இதனைத் தொடங்கிய பிறகு இது எங்கும் பரவியது. நம் நாட்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய இயலாது. ஆகையால் பள்ளி மாணவர்கள் இப்போதைக்கு முறையைக் கற்று வைத்துக்கொண்டால் போதும்.

இன்னார் அனுப்பிய ஆள் இவர் என்பது கடைக்காரருக்கு எவ்வாறு தெரிகிறது? இணைப்பின் முகவரியைக் கூர்ந்து பாருங்கள். முதலில் கடையின் பெயர் இருக்கும். அடுத்துப் பொருளின் எண். அதன் பின்னே உங்களுக்கென்று கடைக்காரர் கொடுத்த ஓர் அடையாளக் குறி. வாசகர் இணைப்பைத் தொட்டதும், கடைக்காரருடைய தளம் அந்தக் குறியைக் கண்டு, வாசகரின் உலவியில் 'குக்கீ' என்னும் சிறு குறிப்பை எழுதி வைக்கிறது. குறித்த காலத்துக்குள் அவர் பொருளை வாங்கினால் தரகு உங்கள் கணக்கில் சேரும். அமேசானில் அக்காலம் பொதுவாக 24 மணி நேரம்.

இவ்வளவு எளிய ஏற்பாட்டில் தொல்லை எங்கே வருகிறது? முகவரி மிக நீளமானது. வாயால் சொல்ல இயலாது. துண்டு அறிக்கையில் அச்சிடவும் இயலாது. இது சிறிய தொல்லை. பெரியது ஒன்று உண்டு. நீங்கள் இருநூறு கட்டுரைகள் எழுதி, இருநூறிலும் ஒரே கடையின் இணைப்புகளைப் பதித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் அந்தக் கடை மூடப்படுகிறது. பிறகு என்ன செய்வீர்கள்?

இது வெறும் கற்பனை அன்று. இங்கிலாந்தில் 2004-இல் தோன்றிய புக் டெபாசிட்டரி என்னும் இணையப் புத்தகக் கடை, அனுப்பும் செலவு வாங்காமல் பல நாடுகளுக்கு நூல்களை அனுப்பி வந்தது. நம் நாட்டிலும் அதற்கு வாடிக்கையாளர் இருந்தனர். நூல்களைப் பற்றி எழுதுவோர் பலர் அதன் தரகு இணைப்புகளைத் தம் பக்கங்களில் சேர்த்திருந்தனர். 2011-இல் அமேசான் அக்கடையை வாங்கியது. 2023 ஏப்ரல் 26-இல் அது மூடப்பட்டது. உலகெங்கும் எத்தனையோ கட்டுரைகளில் இருந்த இணைப்புகள் அதன்பின் பயனற்றுப் போயின. கடை மூடாமலே தரகு நின்றுபோவதும் உண்டு. விற்பனை வரி பற்றிய ஒரு சட்டத்தை எதிர்த்து, 2011 ஜூன் இறுதியில் அமேசான் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான தரகர்களின் ஒப்பந்தங்களை முறித்துக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் வரி பற்றி உடன்பாடு ஏற்பட்ட பிறகே அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்த இடைக்காலத்தில், கட்டுரைதோறும் நேரடி இணைப்பைப் பதித்திருந்தவர் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது. வழிமாற்றப் பக்கம் வைத்திருந்தவருக்கோ ஒரே இடத்தில் வேலை முடிந்தது.

கணிப்பொறியியலில் எந்தச் சிக்கலையும் இடையில் ஒரு படியை அமைத்துத் தீர்த்துவிடலாம் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து டேவிட் வீலர் கூறியதாகச் சொல்வர். வழிமாற்றப் பக்கம் அத்தகைய ஒரு படியே. கட்டுரையில் கடையின் முகவரியை எழுதாமல் உங்கள் தளத்திலேயே உள்ள ஒரு முகவரியை எழுதுகிறீர்கள். உங்கள் தளத்தின் பெயர், ஒரு சாய்கோடு, 'செல்' என்னும் உறை, மற்றுமொரு சாய்கோடு, நூலின் சுருக்கப் பெயர்: அவ்வளவுதான். அங்கு வருபவரை அப்பக்கம் கடைக்கு அனுப்பிவிடும்.

இதனை அமைக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது மிக எளியது. ஒரு வெற்று ஹெச்.டி.எம்.எல். கோப்பை உண்டாக்கி, அதன் தலைப்பகுதியில் 'மெட்டா ரெஃப்ரெஷ்' என்னும் குறிப்பை எழுதுங்கள். எத்தனை வினாடி கழித்து எந்த முகவரிக்குச் செல்ல வேண்டும் என்பதை அக்குறிப்பு உலவிக்குச் சொல்லும். வினாடியைச் சுழியம் என்றே வையுங்கள். ஐந்து வினாடி, பத்து வினாடி என்று வைத்தால், கடையிலிருந்து திரும்பி வர விரும்பும் வாசகர் மீண்டும் அதே பக்கத்தில் விழுந்து மீண்டும் கடைக்கே தள்ளப்படுவார். பக்கத்தின் உடலில் "கடைக்குச் செல்ல இங்கே தொடுக" என்று ஒரு சாதாரண இணைப்பையும் சேர்த்துவிடுங்கள். உலவி அக்குறிப்பை மதிக்காவிட்டாலும் வாசகர் வழி தெரியாமல் நிற்கமாட்டார். கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ள இடம் தரும் இலவசத் தளங்களுக்கு இம்முறை போதும்.

இரண்டாவது முறையில் பக்கமே இல்லை. உங்கள் தளத்தைத் தாங்கி நிற்கும் சர்வர் என்னும் வழங்கிக்கே கட்டளை இடுகிறீர்கள். அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளில் இதற்கு ஒரே வரி போதும்: 'ரீடைரெக்ட்' என்ற சொல், ஓர் எண், உங்கள் தளத்து வழி, சென்று சேரவேண்டிய முகவரி. நான் இம்முறையையே விரும்புகிறேன். வெற்றுப் பக்கம் ஒன்று கண்முன் மின்னி மறையும் குறை இதில் இல்லை. தவிர, எல்லா இணைப்புகளும் ஒரே கோப்பில் வரிவரியாக இருக்கும். ஒரு பார்வையில் அனைத்தையும் காணலாம்.

அந்த எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதியவர் பெரும்பாலும் இங்கேதான் இடறுகின்றனர். 301, 302 என இரண்டு எண்கள் உள்ளன. இரண்டும் 1996-இல் வெளிவந்த ஹெச்.டி.டி.பி. விதிமுறை ஆவணத்திலேயே இடம்பெற்றவை. 301 என்றால் நிலையாகக் குடிபெயர்ந்துவிட்டார் என்பது பொருள். 302 என்றால் தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறார் என்பது பொருள். கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குச் சென்றிருக்கும் பிள்ளைக்கும், ஊரைவிட்டே போய்விட்ட குடும்பத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. 301 என்ற விடையைப் பெற்ற உலவி அதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மறுமுறை அதே இணைப்பைத் தொட்டால், உங்கள் தளத்தைக் கேளாமலே நேராகப் பழைய கடைக்குச் சென்றுவிடும். நீங்கள் கோப்பைத் திருத்தினாலும் அந்த வாசகருக்கு அது எட்டாது. முகவரியை ஒரே இடத்தில் மாற்றலாம் என்பதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும் செய்தோம்? ஆகவே தரகு இணைப்புக்கு 302 என்றே எழுதுங்கள். 1999-இல் வந்த விதிமுறையில் 307 என்ற எண்ணும் உண்டு. அதுவும் தற்காலிகத்தையே குறிக்கும்.

இணைப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகினால், சிறு நிரல் ஒன்று எழுதி வழிமாற்றத்தை அதனிடம் விட்டுவிடலாம். அப்போது ஒரு பெரிய தீங்கு நேரக்கூடும். சிலர் சோம்பலால், செல்லவேண்டிய முகவரியை இணைப்பிலேயே எழுதிவிட்டு, நிரல் அதைப் படித்து அங்கே அனுப்பும்படி அமைத்துவிடுகின்றனர். இதனைத் திறந்த வழிமாற்றம் என்பர். திருடன் ஒருவன், வங்கியின் தளம் போலவே ஒரு போலித் தளத்தை உண்டாக்கி, அதன் முகவரியை உங்கள் இணைப்பின் வாலில் ஒட்டி எல்லோருக்கும் அனுப்புவான். பெறுபவர் முகவரியின் தொடக்கத்தில் உங்கள் தளத்தின் பெயரைக் காண்பார். உங்களை நம்பித் தொடுவார். போலி வங்கியில் தம் கடவுச்சொல்லை இழப்பார். இணையப் பாதுகாப்புக்கு உழைக்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2010-லும் 2013-லும் வெளியிட்ட பத்துப் பெருங்குறைகளின் பட்டியல்களில் இதுவும் ஒன்று. தடுப்பது எளிது. நிரல் உங்கள் சொந்தப் பட்டியலில் உள்ள பெயர்களுக்கு மட்டுமே விடை கூறட்டும். பட்டியலில் இல்லாத பெயருக்கு 'இல்லை' என்று சொல்லி நின்றுவிடட்டும்.

இனி, வாசகருக்கு நாம் செய்யவேண்டிய கடமை. கோயில் நகரங்களில் யாத்திரிகரை அழைத்துச் செல்லும் வழிகாட்டி, "இந்தக் கடையில் பட்டு நன்றாக இருக்கும்" என்கிறார். கடைக்காரர் அவருக்குத் தரகு கொடுக்கிறார் என்பது தெரிந்தால் யாத்திரிகர் அவர் சொல்லைச் சிறிது நிறுத்துப் பார்ப்பார். அவ்வாறு நிறுத்துப் பார்க்கும் உரிமை உங்கள் வாசகருக்கும் உண்டு. வழிமாற்றப் பக்கமோ அடையாளக் குறியைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. ஆகவே "இவ்விணைப்பின் வழியே வாங்கினால் எனக்குத் தரகு கிடைக்கும்" என்று கட்டுரையின் மேற்புறத்திலேயே எழுதுங்கள். அமெரிக்க வணிக ஆணையம் 2009-இல் இதனை வற்புறுத்தியது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. தேடுபொறிக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். 'ஸ்பான்சர்ட்' என்று இணைப்பில் குறிக்கும் வழக்கத்தைக் கூகுள் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்தது.

கடைக்காரருடைய ஒப்பந்தத்தையும் முழுவதும் படியுங்கள். வாசகர் தன் கடைக்கு வருகிறார் என்பது தெளிவாகாத வகையில் இணைப்பைச் சுருக்குவதை அமேசான் அனுமதிப்பதில்லை. அத்தகைய கடைக்கு அவர்கள் கொடுக்கும் இணைப்பையே பயன்படுத்துங்கள்; மற்றவர்களுக்கு மட்டும் கைகாட்டியை வையுங்கள். வாசகர் தொடாமலே அவர் உலவியில் குக்கீயைத் திணித்துத் தரகு பெற்ற இருவரை, ஈபே நிறுவனத்தை ஏமாற்றிய குற்றத்துக்காக 2014-இல் அமெரிக்க நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது.

இத்தனை உழைப்பும் எதற்கு, முகவரியைச் சுருக்கித் தரும் இலவசச் சேவைகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பர். கூகுள் நிறுவனமே 2009-இல் அத்தகைய சேவை ஒன்றைத் தொடங்கியது. 2019-இல் புதிய முகவரிகள் தருவதை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில், பயன்படுத்தப்படாமல் கிடந்த பழைய இணைப்புகளையும் முடக்கிவிட்டது. கைகாட்டி உங்கள் நிலத்திலேயே இருக்கட்டும். தளத்தின் பெயருக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த மட்டும் மறவாதீர்கள். அது கைவிட்டுப் போனால் கைகாட்டிகள் அனைத்தும் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

அமைத்து முடித்த பின் மாதம் ஒருமுறை பட்டியலைச் சோதியுங்கள். உங்கள் தளம் 302 என்று ஒழுங்காக விடை தருவதைக் கண்டு நின்றுவிடக் கூடாது. அதற்கு அப்பால் கடைக்காரர் பக்கத்தில் நூல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 'கர்ல்' போன்ற கருவிகள், நாம் தனியே கேட்டாலன்றி, முதல் விடையோடு நின்றுவிடும். கடையில் நூல் இல்லாததை அவை சொல்வதில்லை. நூல் தீர்ந்துபோயிருந்தால், அந்த வரியில் பதிப்பாளரின் முகவரியையோ, நூலகப் பட்டியலின் முகவரியையோ எழுதுங்கள். அதற்குத் தரகு கிடைக்காது; ஆனால் உங்கள் சொல்லைக் கேட்டு நூலைத் தேடி வந்தவருக்கு நூல் கிடைக்கும்.