புழுதி அடங்கும்வரை



"பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் சொன்னார். செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிற ஒரு பழைய எரிமலையைப் படம் பிடித்த கதையைச் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவேன், பயப்படாதீங்க.

1879-இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி, தொலைநோக்கியில் தெரிந்த ஒரு வெளிர்புள்ளிக்கு 'ஒலிம்பஸின் பனி' என்று பேர் வைத்தார். அது என்னவென்று தொண்ணூறு வருஷம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1971 மே மாதம் அமெரிக்கா இரண்டு கலங்களை ஏவியது. மாரினர் 8 கடலில் விழுந்தது. மாரினர் 9 நவம்பர் 14 அன்று செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. வேறொரு கோளைச் சுற்றிய முதல் கலம் அதுதான். ஆனால் போய்ச் சேர்ந்த நேரம் பாருங்க, செப்டம்பரில் கிளம்பிய புழுதிப்புயல் கிரகத்தையே மூடியிருந்தது. கேமராவில் மங்கலாகத் தென்துருவம், அப்புறம் நாலு கரும்புள்ளிகள். வேறொன்றுமில்லை.

சில நாள் கழித்து சோவியத்தின் மார்ஸ் 2, மார்ஸ் 3 வந்தன. என்ன செய்யவேண்டும் என்பது கிளம்பும்போதே அவற்றுக்குள் எழுதப்பட்டிருந்தது. புயலுக்காக அதை மாற்ற வழியில்லை. இறங்குகலங்கள் புழுதிக்குள்ளேயே இறங்கின. ஒன்று மோதி நொறுங்கியது. மற்றது பத்திரமாகத் தரைதொட்டும் சில விநாடிகளில் பேச்சை நிறுத்தியது. செவ்வாயில் முதன்முதலாக மெதுவாகத் தரையிறக்கியவர்கள் அவர்கள்தான், திறமைக்குக் குறைவில்லை.

மாரினர் 9-இன் கணினி நினைவகம் கணினிக் கணக்கில் வெறும் 512 சொல். பையிலிருக்கும் செல்போனை நினைத்துச் சிரிக்காதீங்க. அந்த 512-ஐயும் பூமியிலிருந்தே மாற்றி எழுதலாம். எழுதினார்கள். படமெடுக்கும் வேலையைத் தள்ளிவைத்துக் காத்திருக்கச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வலிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பம்ப்செட் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நிரல் எழுதினேன். மின்னழுத்தம் இவ்வளவு குறைந்தால் மோட்டார் நிற்கவேண்டும் என்று ஓர் எண்ணை உள்ளேயே பொறித்துவிட்டேன். கோடையில் ஊரே அந்த எண்ணுக்குக் கீழேதான் இருந்தது. ஒரு மோட்டாரும் ஓடவில்லை. ஒவ்வொரு கிணற்றடியாகப் போய்ப் பெட்டியைத் திறந்து சிப்பை மாற்றினேன். ஒரு பெரியவர், "தம்பி, பயிர் காஞ்சப்புறம் வந்திருக்கியே" என்றார். திட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னார்.

சரி, செவ்வாய்க்கு வருவோம். புழுதி இறங்க இறங்க, அந்த நாலு புள்ளிகளும் மலையுச்சிகள் என்று தெரிந்தது. நாலின் உச்சியிலும் பெரும் பள்ளம். விண்கல் விழுந்த குழி என்றால் அங்கங்கே சிதறிக் கிடக்கும். நாலு சிகரத்தின் உச்சியையும் குறிபார்த்தா விழும்? ஆகவே எரிமலைகள். அதில் ஒன்றுதான் ஸ்கியாபரெல்லியின் 'பனி', இன்றைய ஒலிம்பஸ் மான்ஸ். உயரம் சுமார் 22 கிலோமீட்டர், அகலம் சுமார் 600. ஹவாயில் நிலத்தட்டு நகர்வதால் ஓர் எரிமலை ஓய்ந்து அடுத்தது பிறக்கிறது. செவ்வாயில் தட்டு நகர்வதில்லை; எரிகுழம்பு கோடிக்கணக்கான வருஷம் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

1972 அக்டோபரில் ஓயும்வரை மாரினர் 9 அனுப்பிய படங்கள் 7,329.

புழுதிக்குள் எடுத்த முதல் படங்களில் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அழகாக இருக்காது, சாம்பல் நிறத்தில் நாலு கறை. ஆய்வகத்தில் மாட்டும்படி துறைத்தலைவர் ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன்.