புகைத்தலைக் கைவிட உதவும் குளிசை: எச்சரிக்கையும் சட்ட உரிமையும்

(மோர்னிங்சைட்டில் நடைபெற்ற பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் மருத்துவனும் அல்லன், சட்டத்தரணியும் அல்லன். கணினித் துறையிற் பணியாற்றும் பொறியியற் பட்டதாரி. ஆயினும் நம் இல்லங்களிற் பலர் வெளியிற் சொல்லாது உட்கொள்ளும் ஒரு மருந்தைப் பற்றிப் பேசவேண்டியது கடமை எனக் கருதுகின்றேன்.

அம்மருந்தின் பெயர் வரெனிக்லின். பைசர் நிறுவனம் அதனைச் சாம்பிக்ஸ் என்ற பெயரில் 2007 ஆம் ஆண்டு கனடாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூளையில் நிக்கொட்டின் சென்று பற்றும் இடங்களையே இதுவும் பற்றுகின்றது. அதனால் புகைக்கும் வேட்கை குறைகின்றது. புகைத்தாலும் பழைய இன்பம் கிட்டுவதில்லை. குமட்டல், உறக்கமின்மை, விசித்திரமான கனவுகள் ஆகியன பொதுவான பக்கவிளைவுகள்.

மருந்து பரவலான பின்னர், மனச்சோர்வு, கடுஞ்சினம், தற்கொலை எண்ணம் பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரசபை 2008 இல் விமானிகள் இதனை உட்கொள்வதைத் தடைசெய்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009 இல் மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையை மருந்தின் விபரக்குறிப்பிற் சேர்க்கப் பணித்தது.

வழக்குகளும் தொடர்ந்தன. அமெரிக்காவில் ஏறத்தாழ 2,700 வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவற்றை 2013 அளவில் பைசர் நிறுவனம் பணம் வழங்கித் தீர்த்துக்கொண்டது. இங்கு, ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் 2012 இல் இம்மருந்து தொடர்பான வழக்கொன்றைக் கூட்டுவழக்காக நடத்த இசைவளித்தது. போதிய எச்சரிக்கை வழங்கப்படவில்லை என்பதே அவ்வழக்கின் மையக் குற்றச்சாட்டு. இசைவளித்தல் வேறு, குற்றம் நிறுவப்படுதல் வேறு என்பதை மறவாதீர்கள்.

இனி இக்கதையின் மறுபக்கம். நிக்கொட்டினை நிறுத்துவதே ஒருவரை எரிச்சலுக்கும் சோர்வுக்கும் உள்ளாக்கும். அவ்வாறாயின் விளைவு மருந்தினாலா, நிறுத்தியதாலா? இதனை அறிய, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஈகிள்ஸ் ஆய்வு 2016 இல் வெளியாயிற்று. வெற்றுக் குளிசை எடுத்தோரோடு ஒப்பிடுகையில், கடுமையான உளப் பாதிப்பு இம்மருந்தினாற் குறிப்பிடத்தக்க அளவில் அதிகரிக்கவில்லை என்றும், புகைத்தலைக் கைவிடுவதில் இதுவே கூடிய பயன் தந்தது என்றும் அது கண்டது. ஆய்வுக்கு நிதி வழங்கியோர் மருந்து நிறுவனத்தாரே. எனினும் முடிவுகளை ஆராய்ந்த அமெரிக்க நிர்வாகம் அதே ஆண்டு டிசம்பரிற் கட்டமிட்ட எச்சரிக்கையை நீக்கியது. மனநிலை மாற்றங்களைக் கவனிக்குமாறு கூறும் குறிப்பு மட்டும் நீடித்தது.

2021 இல் வேறொரு சிக்கல் தோன்றியது. நைத்திரோசமைன் வகை மாசு அனுமதிக்கப்பட்ட அளவை மீறியமையாற் சாம்பிக்ஸ் மீளப்பெறப்பட்டது. அவ்வேளை ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட அப்போரெக்ஸ் நிறுவனத்தின் வரெனிக்லினை இறக்குமதி செய்ய அமெரிக்கா இசைவளித்தது.

ஆகவே நாம் செய்யவேண்டியவை யாவை?

1. மறைக்காதீர்கள். தந்தை இரகசியமாகக் குளிசை எடுத்தால், அவரது திடீர்ச் சினத்தை வீட்டார் வெறும் கோபக்குணம் என்றே எண்ணுவர். மனநிலை மாறின் முதலிற் கவனிக்கக்கூடியவர்கள் உடனிருப்போரே.

2. முன்னர் மனச்சோர்வோ வலிப்போ இருந்திருப்பின் மருத்துவரிடம் கூறுங்கள். போரின் வடுக்களைச் சுமக்கும் நம்மவர் இதனைச் சொல்லத் தயங்குகின்றனர், தயங்கவேண்டியதில்லை. மதுவின் தாக்கத்தையும் இம்மருந்து கூட்டக்கூடும்.

3. ஒன்ராறியோவில் 2012 முதல் மருந்தாளரும் இதனை எழுதிக்கொடுக்கலாம். இளையோரே, பெற்றோருடன் சென்று விபரத்தாளைத் தமிழில் விளக்குங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இது பரிந்துரைக்கப்படுவதில்லை.

4. தற்கொலை எண்ணமோ கடும் மனக்குழப்பமோ தோன்றின், குளிசையை நிறுத்தி உடனே மருத்துவரை நாடுங்கள். 2023 முதல் 988 என்ற இலக்கத்திலும் உதவி கிடைக்கின்றது.

5. பாதிப்பு ஏற்படின் மருந்துச் சீட்டு, பற்றுச்சீட்டு, பெட்டி ஆகியவற்றைப் பாதுகாத்து, கனேடிய சுகாதாரத் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். ஒன்ராறியோவில் பாதிப்பை அறிந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தாமதியாது சட்டத்தரணியை அணுகுங்கள்.

அச்சத்தினால் மருந்தை ஒதுக்கி மீண்டும் சிகரெட்டைப் பற்றவைப்பது, சிறு இடருக்கு அஞ்சிப் பேரிடரைத் தழுவுவதாகும். நீண்டகாலம் புகைப்போரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் உயிரைக் குடிப்பது புகையிலையே. அறிந்து உட்கொள்வோம்; கேட்டு உட்கொள்வோம்; வீட்டாருக்குச் சொல்லி உட்கொள்வோம்.