சுவருக்கு அப்பால் கேட்கும் குரல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்னும் பட்டம் பெறாத சர்வகலாசாலை மாணவர்களாகிய எங்களையும் இம்மேடையில் ஏற்றிப் பேசச் சொன்ன பெரியோரின் அன்புக்கு நன்றி. சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவோமென்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்கு இனியதன்று. வீட்டுக்குள் மனைவியும் பிள்ளையும் அடிபடுவது குறித்து அறிஞர் செய்த ஆராய்ச்சிகளே அது.

எங்களிற் பலர் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில், லயத்துக் காம்பராக்களில் வளர்ந்தவர்கள். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையே இருப்பது ஒரே சுவர். சம்பள நாளிரவில் அச்சுவருக்கு அப்பாலிருந்து முதலில் ஒரு தாயின் குரல் கேட்கும். பிறகு பிள்ளையின் குரல் கேட்கும். எங்கள் வீட்டிலோ, "அது அவுங்க குடும்ப விஷயம், நீ படி" என்பார்கள். மறுநாட் காலை பிரட்டுக்களத்தில் அந்த அக்கா வீங்கிய கன்னத்தோடு நிற்பார். "தண்ணி எடுக்கப் போகையில வழுக்கி விழுந்துட்டேன்" என்பார். அவர் விழவில்லை என்பது கேட்டவர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தலையை அசைத்துவிட்டுப் போவோம். அந்தத் தலையசைப்பைப் பற்றித்தான் நாங்கள் இன்று பேச வந்தோம்.

அமெரிக்காவில் ஹென்றி கெம்ப் என்னும் குழந்தை வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் 1962ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். 71 ஆஸ்பத்திரிகளிலிருந்து விபரம் திரட்டியபோது, ஓராண்டுக்குள் 302 பிள்ளைகள் பெரியோரால் கடுமையாகத் தாக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. அவர்களில் 33 பிள்ளைகள் இறந்துபோயினர். அழைத்து வந்தவர்கள் ஏதோ காரணம் சொன்னார்கள். எக்ஸ்ரே படமோ வெவ்வேறு காலங்களில் முறிந்து, வெவ்வேறு அளவில் ஆறிவந்த எலும்புகளைக் காட்டிற்று. பெற்றவர் இப்படிச் செய்வார்களா என்று வைத்தியர்களே நம்ப மனமின்றி இருந்ததையும் கெம்ப் எடுத்துச் சொன்னார். படித்த வைத்தியர்களும் நம்மைப்போலத் தலையசைத்தவர்களே என்பது இதனாற் புலப்படும்.

இது அமெரிக்கச் சங்கதிதானே என்று தள்ளிவிடலாகாது. நமது பதுளை மாவட்டத்திலேயே இத்தகைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. டாக்டர் லொஷான் முனசிங்க, பேராசிரியை லலினி ராஜபக்ச முதலியோர் இங்குள்ள கர்ப்பிணித் தாய்மாரிடையே செய்த ஆய்வு 2004இல் வெளியாயிற்று. துன்புறுத்தலைக் கண்டறிவதற்கென்றே ஒரு வினாப்பத்திரத்தை அவர்கள் ஆக்கினார்கள். அதற்கெனத் தனியே ஒரு வினாப்பத்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். "உன் புருஷன் அடிக்கிறானா?" என்று நாலுபேர் முன்னிலையில் கேட்டால், எந்தப் பெண்தான் ஆமென்பாள்? கேட்கும் இடமும் கேட்கும் விதமும் சரியாயிருந்தாற்றான் உண்மை வெளிவரும்.

இதைத் தோட்டத்து மக்களின் குறையென்று எவரும் எண்ணிவிடவும் கூடாது. குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதிலும் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, கணவன் அல்லது துணைவனின் கையால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்கள் ஐவருக்கு ஒருவர். பட்டணத்து மாடிவீட்டுச் சுவர் தடிப்பானது; லயத்துச் சுவர் மெல்லியது. அதனால் நமக்குக் கேட்கிறது, அவ்வளவே.

எனினும் தோட்டத்துப் பெண்ணுக்கென்று தனியான பாரமும் உண்டு. ரேச்சல் குரியன் என்னும் ஆய்வாளர் இலங்கைத் தோட்டப் பெண் தொழிலாளரைப் பற்றி 1982இல் எழுதிய நூலில், பகலெல்லாம் கொழுந்து பறிப்பவளே விடியற்காலையிலும் இரவிலும் வீட்டு வேலையைச் சுமப்பதையும், அவளுடைய சம்பளத்தைப் பல சமயம் கணவன் வாங்கிக்கொள்வதையும் எடுத்துக்காட்டினார். உழைத்த பணம் தன் கையில் இல்லாதவள், அடித்தவனை விட்டு எங்கே போவாள்?

"எல்லாம் சாராயம் செய்கிற வேலை" என்று சிலர் சொல்வர். சாராயம் கேடு என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆனால், எவ்வளவு குடித்தாலும் தோட்டத்துரையை எவரும் கை நீட்டுவதில்லை. திருப்பி அடிக்க முடியாதவர்மேல்தான் அந்தக் கை விழுகிறது. ஆகவே குற்றம் முழுவதையும் போத்தலின்மேற் போடுவது நியாயமன்று.

"அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று பெரியோர் கூறுவர். மிஷன் பாடசாலையிற் படித்த எங்களுக்குப் பிரம்பின் மகிமை வேதபாடத்திலும் போதிக்கப்பட்டது. நாங்களும் அடிவாங்கி வளர்ந்தவர்கள்தாமே, கெட்டா போய்விட்டோம் என்று நினைத்ததுண்டு. அமெரிக்க வைத்தியர்களான வின்சென்ட் பெலிட்டியும் ரொபட் அண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வு எங்களைச் சிந்திக்க வைத்தது. வளர்ந்தவர்கள் பல்லாயிரம் பேரிடம் அவர்களுடைய பிள்ளைப்பருவத்தை விசாரித்தார்கள். பிள்ளை அடிபட்டதை மட்டுமன்றி, அதன் தாய் அடிபட்டதையும் கணக்கில் எடுத்தார்கள். ஒரு துன்பம் இருந்த வீட்டில் வேறு துன்பங்களும் பெரும்பாலும் சேர்ந்தேயிருந்தன. அவை கூடக்கூட, பிற்காலத்தில் குடிப்பழக்கமும் மனச்சோர்வும் இருதய நோயும் வரும் வாய்ப்புக் கூடிற்று. ஆதலால் தாயின் துன்பம் வேறு, பிள்ளையின் துன்பம் வேறு என்று பிரிக்க இயலாது. மூலையில் நின்று பார்க்கும் பிள்ளையின் உடம்பிலும் அந்த அடி தங்கிவிடுகிறது.

ஆராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடுவதுமில்லை. இலங்கைத் தமிழ்ப் பெண்மணியான ராதிகா குமாரசுவாமி 1994இல், பெண்களுக்கெதிரான வன்முறைபற்றி ஆராயும் ஐக்கிய நாடுகள் சபையின் முதலாவது விசேட அறிக்கையாளராக நியமனம் பெற்றார். குடும்பத்துள் நிகழும் வன்முறையைத் தடுக்க ஒரு நாட்டின் சட்டம் எப்படி அமையவேண்டும் என்பதற்கு 1996இல் மாதிரியொன்று வகுத்தளித்தார். அதற்கு ஒன்பது ஆண்டுகளின்பின், 2005இல், நம் நாட்டிலும் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி, துன்பப்படுபவர் நீதவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் கேட்கலாம். கட்டளை ஓராண்டு வரை செல்லுபடியாகும். மனத்தை வதைப்பதும் அச்சட்டத்தில் வன்முறையே. பிள்ளைகளைக் காக்க 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை ஏற்பட்டது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. பெண்களுக்குரிய இலக்கம் 1938.

சட்டம் கொழும்பில் இருக்கிறது. குரலோ பக்கத்துக் காம்பராவிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் இடையே நடந்துபோக யாராவது வேண்டும். அந்தப் பணியைச் சங்கத்து இளைஞர்கள் ஏற்கவேண்டுமென்று மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, அந்த இரு இலக்கங்களையும் பிள்ளை மடுவத்திலும் வாசிகசாலையிலும் கோவில் முகப்பிலும் தமிழில் எழுதி ஒட்டுவோம். இரண்டாவது, பொலிஸ் நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ தனியே போக அஞ்சும் பெண்ணுக்குத் துணையாக நம் சகோதரிகள் இருவர் எப்பொழுதும் ஆயத்தமாயிருக்கட்டும்; சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் உடன் செல்லட்டும். மூன்றாவது, எல்லாவற்றிலும் கடினமானது: நம் வீட்டில் நாம் கை ஓங்காதிருப்பது.

பெரியோர்களே, உங்களைக் குறைகூற நாங்கள் வரவில்லை. விளக்கைத் தணித்து எங்களைப் படிக்கச் சொன்னது எங்கள் நன்மைக்காகவே. நீங்கள் சொன்னபடி படித்தோம். படித்ததில் இதுவும் இருந்தது.

இனி அந்த அக்கா வழுக்கி விழுந்ததாகச் சொன்னால், தலையசைத்துவிட்டுப் போகாமல், தனியே அழைத்து, "அக்கா, என்ன நடந்தது?" என்று எங்கள் சகோதரிகள் கேட்பார்கள். கேட்க எங்களுக்கு அனுமதி தாருங்கள்.